இணையச் சேவையகமும் இழைப் பாதுகாப்பும்

ஒரு நூல்நிலையத்தில் அரிய நூலொன்று ஒரே பிரதியாக உள்ளது. அதனுள் அடையாள ஓலை ஒன்று செருகப்பட்டிருக்கிறது. ஒருவர் மட்டுமே படிப்பாராயின், ஓலை இருக்கும் பக்கமே தாம் நிறுத்திய பக்கமென்று அவர் ஐயமின்றி நம்பலாம். இருவர் மாறிமாறிப் படிக்கத் தொடங்கின், முதல்வர் வைத்த இடத்தினின்றும் ஓலையை மற்றவர் நகர்த்திவிடுவார். ஓலையிற் பிழையில்லை, படிப்பவரிடத்தும் பிழையில்லை. ஆயினும் இருவருடைய படிப்பும் கெடும்.

இணையச் சேவையகத்துக்கு மொடியூல் எழுதித் தொகுப்போர் எதிர்கொள்ளும் இடர் ஏறக்குறைய இத்தகையதே. சேவையகத்தை நாடி ஒரே வேளையிற் பலர் வருவர். அவர்களைக் கவனிக்க இரு வழிகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் செயன்முறை ஒன்றை ஒதுக்குதல் ஒரு வழி. ஒரு செயன்முறைக்குள்ளேயே பல இழைகளை ஓடவிடுதல் மற்றது. செயன்முறை ஒவ்வொன்றுக்கும் தன் நினைவகம் தனியே உண்டு. இழைகளோ ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்வன. செலவு குறையும், ஆனால் அடையாள ஓலையும் பொதுவாகிவிடும்.

அப்பாச்சி என்னும் சேவையகத்தின் 1.3ஆம் பதிப்பு, யுனிக்ஸ் கணனிகளில் முதல் வழியையே பின்பற்றிற்று. 2002ஆம் ஆண்டிற் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 2.0ஆம் பதிப்பு, பழைய முறையைப் பிரிபோர்க் என்ற பெயரில் வைத்துக்கொண்டு, வேர்க்கர் என்னும் இழைமுறையையும் உடன் தந்தது. வேர்க்கரில், மாற்றாதவிடத்து, ஒரு செயன்முறைக்கு 25 இழைகள். 2012ஆம் ஆண்டின் 2.4ஆம் பதிப்பு முதல், இடந்தரும் கணனிகளிலெல்லாம் இவென்ற் என்னும் இன்னோர் இழைமுறையே இயல்பான தெரிவாயிற்று. விண்டோஸ் கணனியிலோ தொடக்கந்தொட்டு இழைகளே.

இனி, ஓலை எங்கே இருக்கின்றது என்று பார்ப்போம். சி மொழியில் ஸ்ட்ர்டொக் என்றொரு பழைய செயற்கூறு உண்டு. நீண்ட சொற்றொடரைத் துண்டு துண்டாக வெட்டித் தருவது அதன் பணி. எவ்விடத்தில் வெட்டி நிறுத்தியது என்பதை அது தனக்குள்ளேயே நினைவில் வைத்திருக்கும். இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் அதனை அழைப்பின், ஒருவருடைய சொற்றொடரின் துண்டு மற்றவருக்குப் போய்ச் சேரலாம். இதற்காகவே, ஓலையை அழைப்பவர் கையிலேயே கொடுத்துவிடும் மாற்று வடிவமொன்று, பெயரின் ஈற்றில் ஆர் என்னும் எழுத்துடன் ஆக்கப்பட்டது. மொடியூல் எழுதுவோர் அதனைக் கையாளுதல் வேண்டும். பொதுமாறிகளையும் நிலையான மாறிகளையும் விலக்குதல் வேண்டும். விலக்க இயலாதவிடத்துப் பூட்டிட்டுக் காத்தல் வேண்டும்.

எழுதும்போது கவனமாயிருந்தால் போதாதா, தொகுக்கும்போது என்ன வேறுபாடு என்று நேயர்கள் வினவலாம். பி.எச்.பி. மொழியின் வரலாறு இதற்கு விடை தரும். அதன் மொடியூலை இழைப் பாதுகாப்புடனும் தொகுக்கலாம், அஃதின்றியும் தொகுக்கலாம். மூலநிரல் ஒன்றே. பாதுகாப்பின்றித் தொகுத்தால், பொதுமாறி நேரே நினைவகத்திலிருந்து எடுக்கப்படும். பாதுகாப்புடன் தொகுத்தால், அந்தந்த இழைக்குரிய தனி அட்டவணையின் வழியே எடுக்கப்படும். ஆகவே இருவகையாகத் தொகுத்தவை ஒன்றோடொன்று பொருந்தா. ஒரு வகைக்குத் தொகுத்த நீட்சியை மற்ற வகையுடன் இணைக்க முயன்றால், பி.எச்.பி. அதனை ஏற்க மறுக்கும். அவ்வாறே, இழைமுறையில் ஓடும் அப்பாச்சியுடன் பாதுகாப்பற்ற பி.எச்.பி. மொடியூல் சேர்க்கப்படின், மீண்டும் தொகுக்குமாறு அறிவித்துவிட்டுச் சேவையகம் தொடங்காமலே நின்றுவிடும்.

இம்மறுப்பைக் கண்டு சினங்கொள்ளும் நிருவாகிகள் பலர். உண்மையில் அது பேருதவி. தொடங்க மறுக்கும் சேவையகம் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. தீங்கு செய்வது, தொடங்கி நன்றாக ஓடுவதுபோலத் தோன்றும் சேவையகமே. எழுதியவர் தனியே இருந்து நூறு முறை சோதிப்பினும் குறை வெளிப்படாது. இரண்டு வேண்டுகோள்கள் ஒரே கணத்தில் மோதவேண்டும். கூட்டம் மிகுந்த ஒருநாளில், ஒருவருடைய பெயரும் கணக்கும் மற்றொருவருடைய திரையில் தோன்றும். மறுநாள் தேடினால் தடயம் இராது.

தொகுக்கப் புகுமுன், எச்.ரி.ரி.பி.டி. என்னும் நிரலைப் பெரிய வி எழுத்துடன் ஏவி, சேவையகம் எம்முறையில் ஓடுகின்றது, இழைகளைக் கையாளுகின்றதா என்று கேட்டறிதல் எளிது. விடை உடனே கிடைக்கும்.

எனினும் பி.எச்.பி.யை இழைப் பாதுகாப்புடன் தொகுத்துவிட்டதனால் யாவும் முடிந்துவிடுவதில்லை. அது பல பிற நூலகங்களைத் தாங்கி நிற்பது. அவற்றுள் ஒன்று இழைகளுக்கு ஏற்றதன்று என்றால், மேலேயுள்ள பாதுகாப்பு அதனைக் காவாது. நாட்டு மொழி வழக்கை மாற்றும் கட்டளை இதற்கு நல்ல சான்று. அவ்வழக்கு செயன்முறை முழுவதற்கும் உரியது. ஆகையால் ஓர் இழை அதனை மாற்றினால், அயலிழையின் எண்களும் தேதிகளும் வேற்று வடிவெடுக்கக் கூடும்.

பி.எச்.பி.யை ஆக்கியோர் இழைமுறைச் சேவையகத்துக்குள் அதனைப் புகுத்துவதில் நீண்டகாலம் தயக்கம் காட்டியமைக்குக் காரணம் இதுவே. 2010ஆம் ஆண்டின் 5.3.3ஆம் பதிப்பில் எப்.பி.எம். என்னும் ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டனர். இதில் பி.எச்.பி. சேவையகத்துக்கு வெளியே, தன் சொந்தச் செயன்முறைகளில் இயங்கும். அப்பாச்சி இழைகளுடன் ஓடலாம், பி.எச்.பி.யை இழைப் பாதுகாப்பின்றியே தொகுக்கலாம். இரண்டுக்குமிடையே செய்தி போய்வரும், நினைவகம் பொதுவாவதில்லை.