ராஜஸ்தான் ஊக்குநரும் உச்ச நீதிமன்றமும்

உச்ச நீதிமன்றத்தைப் பத்திப் பேசுன்னு தலைவி அக்கா சொன்னப்ப, "டெல்லியில இருக்கிற கோர்ட்டுக்கும் நமக்கும் என்னக்கா?"ன்னுதான் கேட்டேன். அப்புறம் பன்வாரி தேவியைப் பத்திப் படிச்சேன்.

ராஜஸ்தானில் பட்டேரி கிராமம். அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர் 'சாத்தின்'. நம்ம ஊக்குநர் மாதிரின்னு வச்சுக்கங்க. 1992இல், பிறந்து ஒன்பது மாசமே ஆன பெண் குழந்தைக்குக் கல்யாணம். தடுக்கப் போனார். அந்தப் பகையில் அவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது. 1995இல் கீழ்க்கோர்ட்டு, ஐந்து பேரையும் அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. போன வருஷம் ஒரு பிள்ளையோட கல்யாணத்தைப் பத்திப் பேசப் போய் வாசலிலேயே ஏச்சு வாங்கினவ நான். படிக்கும்போது கை நடுங்குச்சு.

வேலைக்குப் போற பெண்ணைத் தொந்தரவு பண்ணினா கேக்க ஒரு சட்டம் இல்லையேன்னு, 'விசாகா' என்ற பெயரில் பெண்கள் அமைப்புகள் நேராக உச்ச நீதிமன்றம் போனார்கள். அடிப்படை உரிமை பறிபோனால் படிப்படியா ஏற வேண்டாம், அங்கேயே போகலாம். அரசியலமைப்பின் 32வது பிரிவு அதுக்குத்தான்.

1997 ஆகஸ்டு 13இல் தீர்ப்பு. நீதிபதிகள் மூவர், அதில் சுஜாதா மனோகர் ஒரு பெண். "சட்டம் இல்லை, போயிட்டு வாங்க"ன்னு அனுப்பல. சமத்துவமும், கண்ணியமா வாழுற உரிமையும், தொழில் செய்யுற உரிமையும் அரசியலமைப்பிலேயே இருக்குன்னு சொல்லி, பாராளுமன்றம் சட்டம் போடுற வரைக்கும் இதுதான் சட்டம்னு விதிகளை அவங்களே வகுத்தாங்க. சட்டம் எழுதுறது நீதிபதி வேலையான்னு எனக்கும் தோணுச்சு. ஆனா பாராளுமன்றம் சட்டம் போட்டது 2013இல். பதினாறு வருஷம் அந்த விதிகள்தான் காவல்.

பன்வாரி தேவியோட சொந்த வழக்கு? மேல்முறையீடு வருஷக்கணக்கா உயர் நீதிமன்றத்திலேயே கிடந்துச்சு. அதை நினைச்சா இன்னைக்கும் ஆறல.

இப்போ பத்துப் பேர் வேலை பாக்குற இடம்னா உள்ளக புகார் குழு இருக்கணும், தலைவர் பெண்ணா இருக்கணும். ஆள் அதுக்குக் குறைவு, வீட்டு வேலை, இல்ல முதலாளி மேலேயே புகார்னா மாவட்டத்துல உள்ளூர் புகார் குழு. மூணு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். எழுதத் தெரியாட்டி குழுதான் எழுத உதவணும், சட்டத்துலயே இருக்கு. நம்ம மாவட்டக் குழு விலாசத்தைக் கூட்டமைப்பு ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கு. போறப்ப பாத்துட்டுப் போங்க.