வியர்வை உலராத ஊரில்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னைக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை நான்கரை மணிக்கே ஒரு கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பஜனை கோஷ்டி என்று நினைத்துவிட வேண்டாம். மாரத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டத்துக்குச் சரீரத்தைப் பழக்கிக்கொள்ள வந்த வங்கி ஊழியர்களும், பள்ளி ஆசிரியைகளும், பேரன் பேத்தி எடுத்தவர்களும், ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே வந்துவிட்ட மென்பொருள் கம்பெனிப் பையன்களும்தான் அவர்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அந்தக் கூட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டவன் என்ற ஒரே யோக்கியதையை வைத்துக்கொண்டு, தை மாதத்துப் பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களோடு சிறிது நேரம் பேசலாமென்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி டோக்கியோ நகரத்தில் நடைபெற்ற உலகத் தடகளப் போட்டியின் ஆடவர் மாரத்தானில், ஏறக்குறைய 42 கிலோமீட்டரைக் கடந்து ஸ்டேடியத்துக்குள் நுழைந்த டான்சானியாவின் அல்ஃபோன்ஸ் சிம்புவும் ஜெர்மனியின் அமானல் பெட்ரோஸும் ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளாத குறையாக எல்லைக் கோட்டைத் தொட்டபோது, ஜெயித்தவர் யார் என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியவில்லை. புகைப்படத்தைப் பார்த்துத்தான் சிம்புவுக்குத் தங்கப் பதக்கம் என்று தீர்மானித்தார்கள். இடைவெளி ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்கு. எல்லாரும் அந்த மூன்று பங்கைப் பற்றியே வியந்து பேசினார்கள். என் மனத்தில் தங்கியதோ அதல்ல, இருவருக்கும் பதிவான காலம்தான்: 2 மணி 9 நிமிஷம் 48 விநாடி. காலஞ்சென்ற கென்யா வீரர் கெல்வின் கிப்டும் 2023இல் சிகாகோவில் இதே தூரத்தை 2 மணி 35 விநாடியில் ஓடியிருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால், உலகத்தின் தலைசிறந்த கால்கள் டோக்கியோவில் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் தாமதித்தே வந்திருக்கின்றன. அந்த ஊரின் செப்டம்பர்ப் புழுக்கத்தை மதித்து, கடைசிக் கட்டம்வரை பலத்தைச் செலவழிக்காமல் முடிந்து வைத்துக்கொண்டு ஓடியதுதான் காரணம். பதக்கத்துக்கான பந்தயமென்றால் சாதனைக்காக யாரும் அவசரப்படுவதில்லை என்பதும் ஒரு பங்கு உண்மைதான். ஆனாலும் பெரும்பங்கு புழுக்கத்துக்கே உரியது.

புழுக்கத்தை மதிக்க வேண்டுமென்று உலகம் தெரிந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து ஒலிம்பிக்கில், ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகல் வெயிலில், புழுதி பறக்கும் கிராமத்துச் சாலைகளில் மாரத்தானை நடத்தினார்கள். தண்ணீர் குடிக்காமல் ஓடினால் மனித உடம்பு என்ன ஆகிறது பார்க்கலாம் என்ற ஓர் அபூர்வமான ஆசை அமைப்பாளருக்கு இருந்ததால், வழியில் தண்ணீர் கிடைத்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புறப்பட்டவர்கள் 32 பேர். ஓடி முடித்தவர்கள் 14 பேர். ஜெயித்த தாமஸ் ஹிக்ஸ் தாகத்தால் தவித்துக் கேட்டபோது, அவருடைய ஆட்கள் வாயை மட்டும் நனைத்துவிட்டு, முட்டை வெள்ளைக்கருவில் எட்டிக்காய் விஷமான ஸ்ட்ரிக்னினைக் கலந்து ஊட்டினார்கள். பின்னால் பிராந்தியும் கொடுத்தார்கள். கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவராக அவர் முடித்த நேரம் 3 மணி 28 நிமிஷம் 53 விநாடி. அவருக்கு முன்னால் வந்து சேர்ந்த ஒருவர் பாதி வழியை மோட்டார் வண்டியில் கடந்தவர் என்று தெரிந்து விலக்கப்பட்டதையும் சொல்லாமல் விடக்கூடாது. அன்றைய வெயிலில் புத்தி தெளிவாக இருந்தவர் ஒருவேளை அவர் ஒருவர்தானோ என்னவோ!

நூறு வருஷங்களுக்குப் பிறகும் சூரியனை ஏமாற்றிவிட்டால் போதும் என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். 2019இல் டோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நடுநிசியில் தொடங்கினார்கள். வெயில் இல்லை; ஆனால் அந்த இரவின் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு கொதித்தது. புறப்பட்ட 68 பேரில் 28 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள்.

சென்னைவாசிகளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய அறுபது கிலோகலோரி செலவாகிறது. அதில் முக்காலுக்கு மேற்பட்ட பாகம் வெறும் சூடாகவே மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு உள்ள பிரதான உபாயம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியாகப் போனால் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால்தான். நம் ஊர்க் காற்று ஏற்கெனவே நீரைக் குடித்துத் தளும்பிக்கொண்டிருப்பதால், நெற்றியிலிருந்து வழிந்து, முழங்கையில் சொட்டி, பனியனைப் பிழியும்படி நனைத்து, கடைசியில் காலணிக்குள் சளசளவென்று சத்தம் போடுகிற வியர்வை, ஒரு பிரயோஜனமும் இல்லாமல் தரையில் விழுந்த வியர்வை. தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே ஓட வேண்டியிருப்பதால், காலுக்குப் போக வேண்டிய பங்கு குறைகிறது. இருதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. நேற்று சுலபமாக இருந்த வேகம் இன்று மலையாகத் தோன்றுவதன் ரகசியம் இதுதான்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை; ஏனென்றால் முதலில் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் அரை மாரத்தானில், நேப்பியர் பாலத்தருகே புறப்பட்ட உற்சாகத்தில், சிவப்புப் பனியன் அணிந்த ஓர் இளைஞனைப் பின்தொடர்ந்து ஓடத் தொடங்கினேன். கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்போது மணிக்கட்டிலிருந்த கடிகாரம் என் வாழ்நாளிலேயே சிறந்த வேகத்தைக் காட்டியது; உள்ளூர ஒரு கர்வம். பட்டினப்பாக்கத்தில் சிவப்புப் பனியன் கண்ணுக்கு மறைந்தது. அடையாற்றுப் பாலத்தின்மேல், அவ்வளவு புழுக்கத்திலும் எனக்குக் கை மயிர் சிலிர்த்துக் குளிர் எடுத்தது. தண்ணீர் மேஜையருகே நின்றிருந்த ஓர் அம்மாள், "சார், முகமே சரியில்ல, முதல்ல உக்காருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் பதில் சொல்லுமுன் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார். அன்று நான் மிச்சத் தூரத்தை ஆட்டோவில் கடந்தேன். செயிண்ட் லூயிஸ் கனவானைப் போலப் பதக்கம் கேட்டு நிற்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல். வெயிலில் குளிர் எடுப்பதும், தலை சுற்றுவதும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வதும் உடனே நின்றுவிட வேண்டிய அடையாளங்கள். பக்கத்தில் ஓடுகிறவருக்கு அப்படி ஏற்பட்டால், அவர் "ஒன்றுமில்லை" என்று சொல்வதை நம்பாதீர்கள்.

ஆகவே, பந்தயத்தன்று காலையில் கடிகாரத்தைப் பார்க்குமுன் காற்றைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போதே கனமாக இருந்தால், மாதக்கணக்காக மனத்தில் போட்டுவைத்த நேரத்தைக் கூசாமல் விட்டுக்கொடுங்கள். முதல் பத்துக் கிலோமீட்டரில் பக்கத்திலிருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். சொற்கள் துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். தண்ணீர் மேஜையில் ஒரு டம்ளர் வாய்க்கு, ஒரு டம்ளர் பிடரிக்கு. குளிரூட்டிய அறையில் டிரெட்மில்லில் ஓடிப் பழகியவர்கள், பந்தயத்துக்கு முந்தைய பத்துப் பதினான்கு நாட்களிலாவது வெளிக்காற்றில் ஓடி உடம்பைப் பதப்படுத்திக்கொள்வது அவசியம்.

இதைக் கேட்டுவிட்டு, மேஜைக்கு மேஜை நின்று வயிறு முட்டக் குடித்துவிடுகிறவர்களும் உண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேருடைய ரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்புச் சத்து அபாயகரமாகவோ ஓரளவோ குறைந்திருந்தது. அவர்களில் பலர் ஓடி முடித்தபோது புறப்பட்டதைவிட எடை கூடியிருந்தவர்கள். தாகத்துக்குக் குடிக்க வேண்டும், பயத்துக்குக் குடிக்கக் கூடாது. உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்: ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், இடையில் ஒன்றும் குடிக்காவிட்டால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அதற்குமேல் குடிக்கச் சொல்லி எந்த விளம்பரம் வற்புறுத்தினாலும் கேட்காதீர்கள். ஓடி முடித்த பிறகு உப்புப் போட்ட நீர்மோருக்கு ஈடு எனக்கு இன்னும் ஒன்று கிடைக்கவில்லை.

காலணி, ஆகாரம் முதலியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அன்றைக்கென்று புதிதாக எதையும் காலில் மாட்டாதீர்கள், வயிற்றிலும் போடாதீர்கள். பழகிய இட்லியும் வாழைப்பழமும் போதும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வாஸ்லின் தடவ மறந்தவர்கள் அன்று மாலை குளிக்கும்போது என்னை நினைத்துக்கொள்வார்கள். எண் அட்டையை முந்தின இரவே பனியனில் நான்கு ஊக்குகளால் குத்தி வைத்துவிடுங்கள். அட்டையின் பின்புறம் உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணையும், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவரானால் அதன் பெயரையும், வியர்வையில் கலையாத மையால் எழுத மறக்காதீர்கள்.