ஆகாயக் கண்ணில் அமேசான் காடு

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



2021 பிப்ரவரி 28-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. நமது பழவேற்காட்டுக்கு அக்கரைதான் அந்த இடம். ராக்கெட் சுமந்து சென்ற பெரிய சரக்கு இந்தியாவுடையதல்ல, பிரேஸில் நாட்டுடையது. 637 கிலோ எடையுள்ள செயற்கைக் கோள், பெயர் அமேஸோனியா-1. பிரேஸில்காரர்கள் முழுக்க முழுக்கத் தாங்களே வடிவமைத்து உருவாக்கிய, பூமியைப் படம்பிடிக்கும் முதல் கோள் அது. அமேசான் காட்டுக்கு மேலே பறந்து எங்கெங்கே மரம் விழுந்திருக்கிறது என்று காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை.

காட்டுக்குக் காவல் வைக்க ஆகாயத்துக்கு ஏன் போக வேண்டும்? ஆலையில் தறி ஓட்டுகிறவருக்கும் வயலில் நாற்று நடுகிறவருக்கும் இதில் என்ன அக்கறை? அதைத்தான் நாம் இன்று பேசப் போகிறோம்.

அந்தக் கண் பார்க்கிற விதத்தை முதலில் தெரிந்துகொள்வோம். 1972 ஜூலையில் அமெரிக்கா லாண்ட்ஸாட் வரிசையின் முதல் கோளை அனுப்பியது. (சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவிப் பதினைந்து வருஷம் ஆகப்போகும் சமயம் அது.) இன்றுள்ள லாண்ட்ஸாட் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, 16 நாளுக்கு ஒரு தடவை அதே இடத்துக்கு மேல் வருகிறது. தரையைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கட்டம் நம் கணக்கில் சுமார் 22 சென்ட். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து எண்ணாக அனுப்புகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று உண்டு. அகச்சிவப்பு ஒளி என்பார்கள். பச்சை இலை அதை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். மரத்தை வெட்டி வெறும் மண்ணாக்கினால் அந்த எண் விழுந்துவிடும். துணி சோதிக்கிற இடத்தில் வெளிச்சத்துக்கு நேரே துணியை விரித்து, இழை போன இடத்தைப் பிடிக்கிறோம் அல்லவா? அதே சங்கதிதான். போன வருஷத்துப் படத்தையும் இந்த வருஷத்துப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அறுந்த இடம் தெரிந்துவிடும்.

ஆனால் இந்தப் படங்கள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1980களில் ரீகன் சர்க்கார் லாண்ட்ஸாட்டை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தது. மக்கள் வரிப் பணத்தில் பறந்த கோளின் படம் ஒன்றுக்கு விலை ஆயிரக்கணக்கான டாலர் ஆயிற்று. 2008-ல்தான் எல்லாப் படங்களும் உலகத்தாருக்கு இலவசமாகத் திறந்துவிடப்பட்டன.

இனி காட்டுக்கு வருவோம். பிரேஸில் சர்க்கார் அமேசான் பிரதேசம் என்று வகுத்திருப்பது சுமார் 50 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் முப்பத்தெட்டு மடங்கு. 1964 முதல் 1985 வரை அந்த நாட்டை ஆண்டது ராணுவ சர்வாதிகாரம். நிலமில்லாத ஏழைகளுக்கு, ஆளில்லாத நிலம் தருகிறோம் என்று சொல்லி 1970-ல் காட்டைப் பிளந்து நெடுஞ்சாலை போட ஆரம்பித்தார்கள். அங்கே ஆதிக்குடி மக்கள் இருந்தார்கள், ரப்பர் பால் வெட்டும் தொழிலாளிகள் இருந்தார்கள். அவர்களெல்லாம் ஜெனரல்களின் கணக்கில் ஆட்களாகவே சேரவில்லை போலிருக்கிறது! நிலத்தை உழுகிறவனுக்குப் பிரித்துக் கொடுக்க மனமில்லாத சர்க்கார்தான் காட்டைக் காட்டும். இது நமக்குப் புதிய தந்திரமல்ல.

சாலை போட்ட பிறகு வந்த பெரிய ஆட்கள் யார்? கம்பெனிகள். கட்ட வேண்டிய வருமான வரியில் பாதி வரை அமேசானில் முதலீடாகக் காட்டலாம் என்று சலுகை. கார் செய்யும் வோக்ஸ்வேகன் கம்பெனி கூட 1970களில் பாரா மாநிலத்தில் சுமார் மூன்றரை லட்சம் ஏக்கரில் மாட்டுப் பண்ணை நடத்தியது. காட்டை வெட்டியவர்கள் தூர தேசத்து ஏழைகள். அட்வான்ஸ் கொடுத்து அழைத்து வந்த மேஸ்திரிக்கு அங்கே ‘பூனை’ என்று பெயர். வந்த வண்டிச் செலவு, தின்ற சோறு, படுத்த பாய் எல்லாம் கடனில் ஏறும். கடன் தீராமல் வெளியே போக முடியாது. 2025 ஆகஸ்டில் அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றம், அந்தப் பண்ணையில் நடந்தது அடிமை வேலைக்குச் சமமானது என்று தீர்ப்புச் சொல்லி, 16 கோடியே 50 லட்சம் ரியால் நஷ்ட ஈடு கட்ட உத்தரவிட்டது. கம்பெனி, அப்பீல் செய்வோம் என்று அறிவித்தது. இது ஒரு பண்ணைக் கதையல்ல. 1995 முதல் பிரேஸில் முழுவதும் சர்க்கார் சோதனைக் குழுக்கள் இப்படிப்பட்ட வேலைத்தலங்களிலிருந்து மீட்டவர்கள் 60,000 பேருக்கும் மேல்.

மரம் விழுந்ததை ஆகாயக் கண் பார்த்தது. ரம்பம் பிடித்தவனின் கடன் சீட்டை அது பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர் ஒரு தொழிலாளி. ஆக்ரே மாநிலத்தின் ஷப்பூரி ஊரைச் சேர்ந்த சீக்கோ மெண்டிஸ். சிறு வயது முதல் ரப்பர் பால் வெட்டியவர். பள்ளிக்கூடம் கிடையாது. அவருக்கு எழுத்தும் அரசியலும் சொல்லிக் கொடுத்தவர், 1935 எழுச்சியில் கலந்துகொண்டு, பின்னர் காட்டில் தலைமறைவாக வாழ்ந்த யூக்ளிடிஸ் தாவோரா என்ற கம்யூனிஸ்ட். மாணவன் தழைத்தான். சங்கம் கட்டினார், பண்ணையாரின் கூலியாட்கள் மோட்டார் ரம்பத்தோடு வரும்போது ஆண், பெண், குழந்தை எல்லோருமாகக் கைகோத்து மரத்துக்கு முன்னால் நின்றார்கள். கூலியாட்களிடம், நீயும் நம்மவன்தானே என்று பேசித் திருப்பி அனுப்பினார்கள். 1988 டிசம்பர் 22-ந் தேதி தமது வீட்டு வாசலிலேயே மெண்டிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பண்ணையாரும் அவர் மகனும் 1990-ல் தண்டிக்கப்பட்டார்கள். அதே வருஷம் மெண்டிஸ் பெயரால் சுமார் 24 லட்சம் ஏக்கர் காடு, பால் வெட்டுகிறவர்கள் வாழ்ந்து அனுபவிப்பதற்கென ஒதுக்கப்பட்டது.

அவர் கொலையுண்ட 1988 முதல்தான் பிரேஸில் விண்வெளி ஆராய்ச்சி நிலையம் வெட்டுண்ட காட்டை வருஷாவருஷம் கணக்கெடுத்து வருகிறது. ஆகஸ்டு முதல் ஜூலை வரை ஒரு கணக்கு வருஷம். 2004 கணக்கில் 27,772 சதுர கிலோமீட்டர். அதாவது 68 லட்சம் ஏக்கருக்கு மேல்; தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரே வருஷத்தில்! அப்போது லூலா ஜனாதிபதி. சுற்றுச்சூழல் மந்திரி மரினா சில்வா, ரப்பர் தொழிலாளியின் மகள், மெண்டிஸோடு சேர்ந்து மரத்துக்கு முன்னால் நின்றவர். படங்களைப் பகிரங்கமாக்கினார்கள். வெட்டு நடக்கும்போதே எச்சரிக்கை தருகிற இன்னொரு முறையையும் ஏற்படுத்தினார்கள். எச்சரிக்கை வந்ததும் அதிகாரிகள் போலீசோடு போய் மாட்டைப் பிடித்தார்கள், ரம்பத்தைப் பறித்தார்கள். 2008-ல், சட்டத்துக்கு உட்பட்ட நிலம் என்று காட்டாத பண்ணைக்கு பாங்குக் கடன் இல்லை என்று விதி வந்தது. ரம்பத்தைவிட இது பண்ணையார்களுக்கு அதிகம் உறைத்தது என்பது நம் அபிப்பிராயம். 2012-ல் கணக்கு 4,571 சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது.

2019-ல் போல்ஸனாரோ ஜனாதிபதியானார். ஜூலையில் எச்சரிக்கைக் கணக்கு ஏறியது. படம் பொய் சொல்கிறது என்றார் ஜனாதிபதி. ஆராய்ச்சி நிலையத் தலைவர் ரிக்கார்டோ கால்வாவ் யாருக்கோ வேலை செய்கிறார் என்றும் பழி போட்டார். கால்வாவ் பணியவில்லை, பகிரங்கமாகப் பதில் சொன்னார். ஆகஸ்டு 2-ந் தேதி பதவி போயிற்று. ஆனால் அந்த வருஷத்து முழுக் கணக்கு வந்தபோது 10,129 சதுர கிலோமீட்டர். விஞ்ஞானி சொன்னதே மெய்யானது. 2021-ல் 13,000-க்கும் மேல். அந்த அறிக்கையில் இட்ட தேதி அக்டோபர் 27. வெளியே வந்ததோ நவம்பர் 18, கிளாஸ்கோ நகரில் உலகப் பருவநிலை மகாநாடு கலைந்த பிறகு!

கவனியுங்கள், தோழர்களே. கோள்கள் 2012-லும் பறந்தன, 2021-லும் பறந்தன. கண் மங்கவில்லை. பார்த்ததன்மேல் காரியம் செய்ய வேண்டிய கைதான் மாறியது. அபராதம் போடும் அதிகாரிகளின் கை கட்டப்பட்டது. 2023-ல் லூலா திரும்பி வந்தார். மரினா சில்வா மீண்டும் மந்திரியானார். கால்வாவ் நாட்டின் விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குத் தலைவராக்கப்பட்டார். 2024-ன் முதல் மதிப்பீடு 6,288-க்கு இறங்கியது. இறங்கியது என்றாலும் அதுவும் பதினைந்து லட்சம் ஏக்கர்.

நல்ல ஆட்சி வரட்டும் என்று காத்திருப்பதா? பக்கத்து நாடான பெருவில் 2018-ல் ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். லொரேட்டோ பிரதேசத்தின் ஆற்றங்கரை ஆதிக்குடிக் கிராமங்கள் எழுபதுக்கும் மேல் எடுத்துக்கொண்டார்கள். 36 கிராமங்களில் மும்மூன்று பேருக்குப் பயிற்சி கொடுத்து, கூலியும் கொடுத்தார்கள். செயற்கைக் கோள் எங்கே வெட்டைக் கண்டதோ அந்த இடத்தின் படம், விரல் அளவு நினைவுக் குச்சியில் ஏறி, படகில் மாதாமாதம் கிராமத்துக்கு வரும். தொலைபேசியில் அதைப் பார்த்து மூவரும் காட்டுக்குள் போய், வெட்டியது யார் என்று கண்டு, கிராமக் கூட்டத்தில் வைப்பார்கள். தங்கள் ஆள் வெட்டியிருந்தால் பேசித் தீர்ப்பார்கள். வெளியார் என்றால் துரத்துவதா, சர்க்காருக்கு எழுதுவதா என்று கூட்டமே முடிவு செய்யும். முதல் வருஷத்தில், படம் போகாத கிராமங்களோடு ஒப்பிட்டால், இந்தக் கிராமங்களில் வெட்டு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எங்கே வெட்டு அபாயம் அதிகமோ அங்கேதான் அதிகம் குறைந்தது.