பாட்லிங்குகளுக்கு யார் பதில் சொல்வது?



இப்போது நாம் பார்த்த ‘தி டார்க் கிரிஸ்டல்’ 1982இல் வந்த படம். ஜிம் ஹென்சனும் ஃபிராங்க் ஆஸும் சேர்ந்து இயக்கியது. திரையில் ஒரு மனித முகம்கூடக் கிடையாது, எல்லாமே பொம்மைகள். அந்த பொம்மைகளுக்குள் மனிதர்கள் இருந்தார்கள். கார்த்திம் என்ற வண்டு மாதிரியான படைவீரர்களின் உடை அவ்வளவு கனம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளே இருந்தவரை உடையோடு கம்பியில் மாட்டி ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். சினிமாவில் நாம் வாய்பிளந்து பார்ப்பதற்குப் பின்னால் யாரோ ஒருவரின் முதுகு வலி இருக்கிறது, சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

என் கண் பாட்லிங்குகள் மேல்தான். பாட்டும் கூத்துமாக வாழ்கிற எளிய மக்கள். அவர்களைப் பிடித்து வந்து, நாற்காலியில் கட்டி, படிகத்தின் ஒளியைக் கண்ணில் பாய்ச்சி உயிர்ச்சாரத்தை உறிஞ்சி எடுக்கிறார்கள். சாரத்தை ஸ்கெக்ஸிஸ் ராஜா குடிக்கிறார். மிச்சம் இருக்கிற உடம்பு கோட்டைக்கு அடிமை. உழைப்பை எடுப்பது ஒன்று. எதிர்த்துக் கேட்கும் எண்ணத்தையே எடுத்துவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் சாதிக்கும் எப்போதும் தேவைப்பட்டிருக்கிறது.

பதவிச் சண்டையில் தோற்ற சேம்பர்லைனின் அங்கிகளைக் கிழித்துத் துரத்துகிறார்களே, அந்தக் காட்சியைக் கவனித்தீர்களா? பகட்டுத் துணிக்குள் ஒரு நோஞ்சான் உடம்பு. அவமானப்பட்டவர் திருந்தினாரா? “சமாதானம்” என்று குழைந்துகொண்டே பின்னால் வந்து, கீராவைத் தூக்கிப்போய் காணிக்கையாகக் கொடுத்துத் தன் இடத்தை மீட்கப் பார்க்கிறார். தள்ளிவைக்கப்பட்ட பிறகும் அவருக்கு வேண்டியது அதே ஏணியில் ஒரு படி. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை இதைவிடச் சுலபமாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

எனக்குச் சண்டை மிஸ்டிக்குகளோடுதான். சாந்தமானவர்கள், தியானம் செய்பவர்கள், ஜென்னை வளர்த்தவர்கள். ஒரு ஸ்கெக்ஸிஸின் கையில் காயம் பட்டால் அவருக்கு இணையான மிஸ்டிக்கின் கையிலும் காயம் தோன்றுகிறது. பாட்லிங்கின் உயிர் உறிஞ்சப்படும்போது? எந்த மிஸ்டிக்குக்கும் வலிக்கவில்லை. பள்ளத்தாக்கில் அமைதியாக இருக்கிறார்கள். நம் ஊரில் இவர்களை ‘நல்ல மனுஷன், யார் வம்புக்கும் போகமாட்டார்’ என்போம்.

கடைசியில் இரண்டு கூட்டமும் ஒன்றாகி ஒளியாக நிற்கிறது. தங்கள் ஆணவத்தால் உலகம் உடைந்தது என்று ஒப்புக்கொள்கிறார்கள், ஜென்னுக்கு நன்றி சொல்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். கோட்டையில் இத்தனை காலம் வேலை செய்த பாட்லிங்குகளைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. அவர்களுக்கும் ஒரு வசனம் தரப்படவில்லை.

அந்தக் காட்சியில் ஒரு பாட்லிங் எழுந்து பேசியிருந்தால் என்ன கேட்டிருப்பார்? தோழர்களே, கலந்துரையாடலை அங்கிருந்து தொடங்குவோம். பின்வரிசையில் இருப்பவர்கள் முதலில் பேசுங்கள்.