கொல்லையில் தேன்கூடு இருந்தால்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் நம் தெருவில் ஒரு வலீமா. கொல்லையில் மாமரத்தடியில் அடுப்பு மூட்டி பிரியாணி தேக்சாவை ஏற்றினோம். மேல் கிளையில் மலைத்தேனீக் கூடு தொங்கியது எல்லோருக்கும் தெரியும். வந்து மூன்று மாதம் ஆகியும் யாரையும் அது தொட்டதில்லை. அன்று விறகுப் புகை நேராகக் கூட்டில் போய் முட்டியது. கொஞ்ச நேரத்தில் சமையல்காரரும் மூன்று பிள்ளைகளும் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், நால்வரும் நலமாக வீடு திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் இளைஞர்கள் சிலர் மண்ணெண்ணெயும் பந்தமுமாக வந்தார்கள். நாங்கள் தடுத்தோம். சிலருக்கு அதில் வருத்தம். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

குர்ஆனின் 16-வது அத்தியாயத்துக்கே தேனீயின் பெயர்தான், அந்நஹ்ல். கொல்லக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த நான்கு உயிர்களில் எறும்போடு தேனீயும் உண்டு. உயிரை நெருப்பால் வதைப்பதையும் தடுத்திருக்கிறார்கள். மார்க்கம் ஒரு பக்கம் இருக்க, பந்தம் பிடித்தால் கலைந்த தேனீ தெருவையே கொட்டும். புகை போட்டதும் நாம்தானே!

எல்லாத் தேனீயும் ஒன்றல்ல. சுவர்ப் பொந்தில் இருக்கும் கொசுத்தேனீக்குக் கொடுக்கே கொட்டாது. செடியில் உள்ளங்கை அளவு அடை கட்டும் கொம்புத்தேனீ ஓரளவு சாது. உயரக் கிளையிலும் மாடி சன்ஷேடிலும் ஒரே அடையாக, மூன்றடி அகலத்துக்குக்கூடத் தொங்குவது மலைத்தேனீ. கவனம் தேவை இதனிடம்தான். அடையின் மேல் அலை அலையாக ஒரு மினுமினுப்பு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். குளவி நெருங்கினால் வயிற்றைத் தூக்கி அப்படி மிரட்டும். நாம் நிற்கும்போது அது ஓடினால், கையை வீசாமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

கூட்டின் கீழே அடுப்பு, குப்பை எரிப்பு, வெடி, ஜெனரேட்டர் எதுவும் வேண்டாம். கல்லெறியும் பிள்ளைகளைக் கண்டியுங்கள். கருப்பு நிறமும் கடும் வாசனையும் தேனீயை உசுப்பும். அதனால் புர்கா அணிந்தோ அத்தர் பூசியோ போகிறவர்கள் மரத்தடியை விட்டுச் சுற்றிப் போவது நல்லது. கலைந்த கூடு இரவில் வெளிச்சத்தைத் தேடி வரும். அன்று கொல்லைப்பக்க விளக்கை அணைத்து ஜன்னலைச் சாத்துங்கள்.

துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவை அடையுங்கள். கிணற்றிலோ குளத்திலோ குதிக்காதீர்கள், மேலே வட்டமிட்டுக் காத்திருக்கும். தேனீயின் கொடுக்கு தோலிலேயே தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். அதன் வாசனை மற்ற தேனீக்களையும் கூப்பிடும். எனவே தப்பி வந்த உடனே நகத்தால் சுரண்டி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் வையுங்கள். சுண்ணாம்பு தேடி நேரம் போக்காதீர்கள். மூச்சு முட்டினாலோ, உதடு தொண்டை வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, தலை சுற்றினாலோ ஒரே கொட்டு என்றாலும் 108-ஐ அழையுங்கள். பல இடத்தில் கொட்டு வாங்கிய குழந்தையையும் முதியவரையும் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எல்லாக் கூட்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வாசல் மேலேயோ மதரஸா பிள்ளைகள் போகும் வழியிலோ இருந்தால் தேனெடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டு அகற்றத்தான் வேண்டும். கதண்டுக் கூடு என்றால் பேச்சே வேறு, உடனே தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். மற்றபடி மலைத்தேனீ நிரந்தரக் குடித்தனம் அல்ல. பூக்காலம் முடிந்தால் தானே கிளம்பிவிடும். அடுத்த வருடம் அதே மரத்துக்குத் திரும்பவும் வரலாம். அது வரை நம் முருங்கைக்கும் தென்னைக்கும் வேலை பார்த்துவிட்டுப் போகட்டும்.

கொல்லையில் கூடு உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் வீட்டு எண்ணைச் சொல்லிவிட்டுப் போங்கள், வந்து பார்க்கிறோம். அந்த மாமரத்து வீட்டில் வரும் வாரம் இன்னொரு விருந்து. அடுப்பை வாசல்பக்கம் போடச் சம்மதித்திருக்கிறார்கள்.