அப்பாவும் டீ டம்ளரும்

இன்னைக்கு எபிசோடு எங்க வீட்டு டீ டம்ளர்ல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் அப்பாவுக்கு சிறுமூளையில ஸ்ட்ரோக் வந்தது. வீடு திரும்பின பிறகு, டம்ளரை எடுக்கப் போவார். கை அதைத் தாண்டிப் போயிடும். திரும்பி வரும்போது தட்டி விட்டுடும். "கண்ணு தெரியலையாப்பா?"ன்னு கேட்டுட்டேன். டெஸ்ட் பண்ணினா பார்வை சரி. கையிலும் பலம் இருக்கு. என் பாஷையில, கேமரா ஓகே, மோட்டார் ஓகே. அப்போ பக் எங்கே?

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். கண்ணும் கையும் ஒண்ணாக் கிளம்புறதில்லை. டீ போடுறவங்க எங்கே பார்க்கிறாங்கன்னு மைக்கேல் லேண்ட் குழு பதிவு பண்ணி, 1999ல வெளியிட்டாங்க. ஒரு பொருளைக் கை கையாள ஆரம்பிக்கிறதுக்கு சுமார் அரை விநாடி முன்னாடியே கண் அங்கே போயிடுது. அந்த வேலை முடியுறதுக்குள்ள அடுத்த பொருளுக்குத் தாவிடுது.

கண் இடத்தைச் சொல்லுது. ஆனா அது கைக்குப் புரியணும்னா, கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, தலை எப்படி இருக்கு, கை இப்போ எங்கே இருக்குன்னு மூளை எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போடணும். கை எங்கே போய் நிக்கும்னு முன்கூட்டியே கணிக்கிறதுல சிறுமூளைக்குப் பெரிய பங்கு. குறி தப்பினா, அடுத்த தடவைக்கான கணக்கைத் திருத்துறதும் அதுதான்.

இதைப் பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. எல்லாத்தையும் ஒரு பக்கமா நகர்த்திக் காட்டுற பிரிசம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பந்து எறிஞ்சா, முதல்ல குறி தப்பும். சில தடவைக்குள்ள சரியாயிடும். கண்ணாடியைக் கழட்டினா எதிர்ப்பக்கம் தப்பும்! மூளை புதுக் கணக்குக்குப் பழகிடுச்சுன்னு அர்த்தம். சிறுமூளை பாதிச்ச பலருக்கு இந்தப் பழக்கம் சரியா வராது.

இதைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சது. சிந்தக் கூடாதுன்னு டம்ளரை நாங்களே அப்பா வாயில வெச்சுக்கிட்டு இருந்தோம். தப்பு பண்ணவே விடலைன்னா, மூளை எதை வெச்சுத் திருத்தும்?

பிசியோதெரபிஸ்ட்கிட்ட கேட்டோம். பாதிக்காத பகுதி மெதுவாக் கத்துக்கும், பயிற்சியை விடாதீங்கன்னார். முழங்கையை மேசையில ஊன்றி, காலி டம்ளர், நிதானமா, தினமும். தப்பும்போது என் கை தானா நீளும். அடக்கிக்கிறதுதான் எனக்கான பயிற்சி.

போன வாரம் அரை டம்ளர் டீ. கொஞ்சம் சிந்துச்சு, ஆறியும் போச்சு. ஆனா அவரே எடுத்துக் குடிச்சார். "சர்க்கரை பத்தலை"ன்னார்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.