யார் தயவுமில்லாமல் எடுத்த படம்



சித்திரப் படம் எடுப்பதைப்பற்றி நான் பேசப்போவதாகத் தலைவர் சொன்னதும் சிலர் சிரித்ததைப் பார்த்தேன். "பூனையும் எலியும் துரத்திக்கொள்ளுகிற சங்கதிக்கு ஒரு கூட்டமா?" என்று நினைத்திருப்பார்கள். அப்படி நினைப்பதில் தப்பில்லை. இதுவரை நமக்குக் காட்டப்பட்டதெல்லாம் பெரும்பாலும் அதுதானே! ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கம்பெனி இல்லாமல், விளம்பரக்காரன் பணமில்லாமல், ஒரே மனிதர் ஏறக்குறையத் தன்னந்தனியாய் உட்கார்ந்து செய்த ஒரு தொடர்படத்தைப் பற்றியதாகும்.

அவர் பெயர் டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 1976-ல் பிறந்தவர். அவர் எழுதும் உருவங்களைப் பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளை சிலேட்டில் கிறுக்கியதுபோல் இருக்கும். தலைக்கு ஒரு வட்டம், கண்ணுக்கு இரண்டு புள்ளி, கை கால்களுக்கு ஒவ்வொரு கோடு. அவ்வளவுதான். "இதற்கா இவ்வளவு பெருமை?" என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

சினிமாவில் விநாடிக்கு 24 படம் ஓடுகிறது. ஒரே சித்திரத்தை இரண்டு தடவை பிடித்தாலும் விநாடிக்கு 12 சித்திரம் வேண்டும், நிமிஷத்துக்கு 720. இவற்றைக் கையால் எழுதி, மேஜைமேல் வைத்து, மேலே தொங்குகிற காமிராவினால் ஒவ்வொன்றாகப் பிடிக்கவேண்டும். அவர் வைத்திருந்த காமிராவோ 1940-களில் செய்தது. மற்றவர்கள் கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட பிறகும் அவர் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். படத்தின் ஒரு பாகத்தைக் கறுப்புக் காகிதத்தால் மறைத்து, மற்றதைப் பிடித்து, அதே பிலிமைத் திரும்பச் சுற்றி மறைத்த பாகத்தைப் பிடிப்பார். கடைசித் தடவையில் கை தவறினால் முன்பு செய்த வேலையெல்லாம் வீண். இப்படி 2006, 2008, 2011 ஆகிய வருஷங்களில் மூன்று பாகமாய் வெளியிட்டதைத்தான் 2012-ல் ஒரே படமாகச் சேர்த்தார்.

இவருக்குச் சோற்றுக்கு வழி என்ன? விளம்பரப் படம் செய்யச் சொல்லி இவரை அழைத்தவர்கள் உண்டு, இவர் மறுத்துவிட்டார். மறுத்ததோடு நிற்கவில்லை. விளம்பரத்துக்கு எழுதி, தள்ளுபடியான சித்திரங்கள் என்று கற்பனை செய்துகொண்டு, 2000-ல் "ரிஜெக்டட்" என்று ஒரு படமே எடுத்துக் கேலி செய்தார். அதற்கு ஆஸ்கார் பரிசுக்கான சிபாரிசும் கிடைத்தது. பார்க்கிறவர்கள் கொடுக்கும் காசிலேயே அடுத்த படம் என்பது அவர் கணக்கு. இதைப் பெரிய தியாகமென்று நான் சொல்ல வரவில்லை. சோப்பு விற்கிறவனுக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லாமல் போயிற்று. அதுதான் அவருக்குக் கிடைத்த லாபம்.

இனி அந்தத் தொடர்படத்துக்கு வருகிறேன். "வேர்ல்ட் ஆஃப் டுமாரோ", அதாவது நாளைய உலகம். முதல் பாகம் 2015; அடுத்தவை 2017, 2020. பழைய காமிராவை விட்டுக் கம்ப்யூட்டரில் இவர் செய்த முதல் படம் இதுதான். இதில் பேசும் சிறுமி, அவருடைய உடன்பிறந்தாரின் நாலு வயதுக் குழந்தை. நாலு வயதுக் குழந்தையிடம் வசனத்தைக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிக்குமா? அவர் அப்படிச் சொல்லவேயில்லை. குழந்தையோடு உட்கார்ந்து படம் எழுதி விளையாடினார். அது வாயில் வந்ததையெல்லாம் பதிவு செய்துகொண்டார். பிறகு அந்தப் பேச்சுக்குத் தகுந்தாற்போல் கதையைக் கட்டினார். நம் நாட்டிலோ குழந்தை நடிகனுக்கு முதலில் கிழவன் பேச்சைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்!

கதை இது: 227 வருஷத்துக்கு அப்பாலிருந்து ஒரு பெண் அந்தக் குழந்தையைக் கூப்பிடுகிறாள். அவள் யார்? அந்தக் குழந்தையின் உடம்பைப் பார்த்தே மூன்றாந் தலைமுறையாய்ச் செய்யப்பட்ட நகல். சாவை ஜெயிப்பதற்காக மனிதர்கள் தங்களையே நகல் செய்து, ஞாபகங்களை அதில் ஏற்றிக்கொள்ளுகிறார்கள். யாருக்கு இந்தச் சாகாவரம்? பணமிருக்கிறவனுக்கு! இல்லாதவனுக்கு, செத்தவன் முகத்தை உரித்து ஒரு பொம்மை இயந்திரத்தின் தலையில் மாட்டித்தருகிறார்கள். தாத்தாவின் மனதை ஒரு கறுப்புப் பெட்டியில் அடைத்துச் சாகாமல் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து அவர் எழுதும் கடிதம் முழுவதும் "ஐயோ, ஐயோ" என்ற அலறல்தான். உலகம் அழியப்போகிறதென்றதும் மலிவு விலையில் காலத்தைக் கடந்து தப்பப் பார்த்த ஏழைகளின் பிணங்கள் ஆகாயத்தில் எரிந்து விழுகின்றன. இரவில் அது பார்க்க அழகாயிருக்கிறதாம்!

சந்திரனில் வேலை செய்யும் இயந்திரங்களின் சங்கதி இன்னும் வேடிக்கை. அவை வெயிலில் ஓடுகிறவை; இருட்டில் நின்றுவிடும். ஆகவே அவை வெளிச்சத்தை விட்டு விலகாமல் நடந்துகொண்டேயிருக்கும்படி அவற்றுக்குச் சாவுப் பயத்தைப் புகட்டிவிடுகிறாள் அந்தப் பெண். வேலை நடக்கிறது. சந்திரனில் வேலை முடிந்து ஆட்கள் போன பிறகும் அவை பயந்துகொண்டே நடக்கின்றன. பயத்தைப் புகட்டி வேலை வாங்குகிற வித்தை நமக்கொன்றும் புதிதல்லவே!

இவ்வளவையும் அந்த நகல் உணர்ச்சியில்லாத குரலில் சொல்லிக்கொண்டு போகிறாள். குழந்தையோ நடுவில், தான் இன்றைக்குச் சாப்பிட்டாயிற்று என்கிறது. யாரும் எழுதிக்கொடுத்த வசனமல்ல அது. நகல் கடைசியில் குழந்தையிடம் வாங்கிக்கொண்டு போவது என்னவென்றால், தாயோடு நடந்துபோன ஒரு சின்ன ஞாபகம். இதற்காகத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வந்தாள்.

முதல் பாகம் 17 நிமிஷந்தான். சன்டான்ஸ் படவிழாவில் குறும்படத்துக்கான பெரும் பரிசு பெற்றது, ஆஸ்காருக்கும் சிபாரிசாயிற்று. பரிசு வந்ததும் ஒரு பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு உட்காராமல், அதே வருஷம் மார்ச்சு மாதமே இன்டர்நெட்டில் தாமே வாடகைக்கு விட்டார்.

பேச்சு இங்கிலீஷில் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். நான் சொன்னதில் தப்பிருந்தாலும், ஆட்சேபணை இருந்தாலும், தோழர்கள் எழுந்து கேட்கலாம். தலைவர் அதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்.